ஸ்துருகா என்னும் சிற்றாறு



ஆறுகளின் வரலாறு என்றவுடன் நைல், கங்கை, மேக்கோங் போன்ற பேராறுகளே நம் நினைவுக்கு வருகின்றன. அரசர்கள் அவற்றின் கரையில் தலைநகர் அமைத்தார்கள். ஆனால், ஒரு நாள் பொழுதில் கரையோரமாகவே நடந்து முடித்துவிடக்கூடிய சிற்றாறுகளுக்கும் வரலாறு உண்டு. அது அங்கே துணி துவைத்தவர்கள், மாடு குளிப்பாட்டியவர்கள், வயலுக்கு நீர் இறைத்தவர்கள் ஆகியோரின் வரலாறு. அப்படிப்பட்ட ஒரு சிற்றாற்றைப் பற்றி இன்று பேசலாம்.

அந்த ஆற்றின் பெயர் ஸ்துருகா. ஜெர்மனி நாட்டின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லைக்கு அருகே, லுசாத்தியா என்னும் தாழ்நிலப் பகுதியில் அது ஓடுகிறது. பைன் மரக் காடுகளும் மணற்பாங்கான வயல்களும் நிறைந்த சமவெளி அது. ஸ்லெப்போ என்ற ஊரின் வழியே ஓடி, ஸ்ப்ரே என்ற பெரிய ஆற்றில் ஸ்துருகா கலக்கிறது. அந்த ஸ்ப்ரே ஆறுதான் வடக்கே போய், பெர்லின் மாநகரின் நடுவே ஓடுகிறது.

ஸ்துருகா என்பது ஜெர்மன் சொல் அன்று. சோர்பிய மொழியில் அதற்குச் சிற்றாறு, ஓடை என்றே பொருள். போலந்து மொழியிலும் இதே சொல் இதே பொருளில் உண்டு. 'ஆறு' என்பதையே ஆற்றின் பெயராக வைத்திருக்கிறார்கள். தங்கள் ஊர் ஆற்றை அந்த மக்கள் வேறு எப்படி அழைப்பார்கள்? ஊருக்கு ஒரே கோயில் இருந்தால் 'கோயிலுக்குப் போகிறேன்' என்றுதானே நாமும் சொல்கிறோம்!

சோர்பியர் என்போர் யார்? ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சமவெளியில் குடியேறிய ஸ்லாவிய இனத்தவர். போலந்துக்காரர்களுக்கும் செக் மக்களுக்கும் இவர்கள் மொழியால் உறவினர். 10ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பிரபுக்கள் படையெடுத்து இவர்களுடைய நிலத்தைக் கைப்பற்றினார்கள். அன்றிலிருந்து இவர்களுக்குத் தனி அரசு இருந்ததில்லை. ஆனால் மொழி இருந்தது. பெயர்களும் இருந்தன. லுசாத்தியா என்ற பெயரே சதுப்புநிலத்தைக் குறிக்கும் சோர்பியச் சொல்லிலிருந்து வந்தது. டிரெஸ்டன் என்றால் ஆற்றோரக் காட்டில் வாழ்வோர் என்று பொருள். கெம்னிட்ஸ் என்றால் கல் நிறைந்த ஓடை. இன்று முழுக்க முழுக்க ஜெர்மன் பேசும் அந்த நகரங்களின் பெயரைச் சொல்லும்போது, பேசுகிறவர் அறியாமலே பழைய ஸ்லாவியச் சொல்லைத்தான் உச்சரிக்கிறார்.

ஆனால் பல ஊர்களின் பெயர்கள் உருமாறிவிட்டன. ஸ்லெப்போவை ஜெர்மானியர் ஷ்லைஃபெ என்றார்கள். மிவொராஸ் என்ற ஊர் ம்யூல்ரோசெ ஆயிற்று. ஜெர்மன் காதுக்கு அது ஏதோ 'ஆலை ரோஜா' என்பதுபோல் ஒலிக்கும். ஸ்துருகா மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் ஜெர்மன் வரைபடத்திலும் ஸ்துருகாவாகவே நின்றுவிட்டது.

அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் பண்ணையடிமைகள். தங்கள் வயலைப் பார்ப்பதற்கு முன்னால் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஹன்சோ நெப்பிலா. ஸ்லெப்போவை அடுத்த ரோவ்னோ என்ற ஊரில் 1766ஆம் ஆண்டு பிறந்தவர். ஏறத்தாழ 90 வயதுவரை வாழ்ந்து 1856இல் மறைந்தார். உழுது பிழைத்த அந்த மனிதர், தம் சிறுவயதுப் பசியையும் பண்ணை வேலையின் கடுமையையும் தம் ஊர்ப் பேச்சு மொழியிலேயே எழுதி வைத்தார். படித்தவர்களுக்காக அவர் எழுதவில்லை. அச்சாகும் என்று எதிர்பார்த்தும் எழுதவில்லை. இன்று அந்தப் பகுதியின் பழைய பேச்சு வழக்கை ஆராய்கிறவர்கள் அவருடைய ஏடுகளையே தேடிப் போகிறார்கள். அவர் பெயரால் ரோவ்னோவில் ஒரு பழைய பண்ணை வீடு அருங்காட்சியகமாக விளங்குகிறது. உழைக்கும் மனிதன் தன் வாழ்வைத் தானே எழுதி வைத்தால் அது எவ்வளவு பெரிய செல்வமாகிறது என்பதற்கு அவர் ஒரு சான்று.

அந்த மக்களுக்கு ஓடை நீரைப் பற்றி ஓர் அழகிய வழக்கம் உண்டு. ஈஸ்டர் பெருநாளன்று பொழுது விடிவதற்கு முன்பு, திருமணமாகாத பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போவார்கள். போகும்போதும் வரும்போதும் ஒரு சொல்லும் பேசக்கூடாது. இளைஞர்கள் வழியில் மறைந்து நின்று கேலி பேசி அவர்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள். வாய் திறந்துவிட்டால் அந்த நீருக்குச் சக்தி போய்விடும். பேசாமல் கொண்டுவந்த நீர் ஆண்டு முழுவதும் நலத்தையும் அழகையும் தரும் என்பது நம்பிக்கை. நீர் தூய்மையாக இருந்த காலத்து நம்பிக்கை அது.

இனி, அந்த நீருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காண்போம்.

லுசாத்தியாவின் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. தமிழ்நாட்டில் நெய்வேலியில் எடுக்கப்படுவதும் இவ்வகைக் கரியே. 'லுசாத்தியாவைக் கடவுள் படைத்தார்; அதன் அடியில் நிலக்கரியைப் புதைத்தவன் சைத்தான்' என்று அங்கே ஒரு பழமொழி வழங்குகிறது. 1867இல் பெர்லினையும் கோர்லிட்ஸ் நகரையும் இணைக்கும் இருப்புப்பாதை அந்தக் காட்டின் வழியே வந்தது. அதன்பின் ஸ்துருகாவின் மேற்பகுதியிலுள்ள வைஸ்வாசர் என்ற சிற்றூர், கண்ணாடித் தொழிற்சாலைகள் நிறைந்த நகரமாக வளர்ந்தது. கண்ணாடி உருக்க நெருப்பு வேண்டும். நெருப்புக்குக் கரி வேண்டும். அந்த ஊரின் பெயருக்குச் சோர்பிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் ஒரே பொருள்தான்: வெள்ளை நீர்!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. கிழக்கு ஜெர்மனியில் எண்ணெய் மிகக் குறைவு. உயர்ந்த வகை நிலக்கரியும் போதுமான அளவு இல்லை. பெருமளவில் இருந்தது பழுப்பு நிலக்கரி மட்டுமே. அதனால் நாட்டின் விளக்கும், தொழிற்சாலையும், குளிர்கால அடுப்பும் லுசாத்தியாவை நம்பி நின்றன. ஸ்லெப்போவுக்குத் தெற்கே நோக்டன் என்ற மாபெரும் திறந்தவெளிச் சுரங்கம் 1973 முதல் நிலக்கரி தரத் தொடங்கியது. பக்கத்தில் பொக்ஸ்பெர்க் அனல்மின் நிலையம் 1971 முதல் மின்சாரம் வழங்கியது. சுரங்கத்தின் குறுக்கே அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இரும்புப் பாலம்போல் ஓர் இயந்திரம் நிற்கும். 60 மீட்டர் ஆழத்து மண்ணை அது ஒரு பக்கம் வாரி மறுபக்கம் கொட்டிக்கொண்டே நகரும். அதன் வழியில் காடு இருந்தாலும் ஊர் இருந்தாலும் ஒன்றுதான். லுசாத்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள், முழுமையாகவோ பகுதியாகவோ, இவ்விதம் நிலக்கரிக்காக அழிக்கப்பட்டன.

நேயர்களே, இங்கே ஒன்றை மறந்துவிடக்கூடாது. அந்த இயந்திரங்களை ஓட்டியவர்களில் பலர் அந்தக் கிராமத்து ஆண்களே. அதுவரை மணல் வயலில் கம்பு போன்ற தானியம் விளைவித்து அரை வயிற்றுக்கு உண்டவர்களுக்கு, சுரங்கம் நல்ல சம்பளம் தந்தது. குளியலறை உள்ள வீடு கிடைத்தது. பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைத்தது. பகலில் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு, மாலையில் தன் தாத்தாவின் கல்லறை எப்போது தோண்டப்படுமோ என்று கவலைப்பட்டவனும் அதே மனிதன்தான். பிழைப்பு ஒரு பக்கம், பிறந்த மண் மறு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவனின் துன்பத்தை வெளியிலிருந்து பார்த்து எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

சுரங்கம் ஊர்களை எப்படி விழுங்கியது என்பது எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது. நீரை எப்படிக் கெடுத்தது என்பது நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியாமலே நடந்தது. அதைச் சற்று விளக்குகிறேன்.

நம் நாட்டில் ஈயம் தோண்டிய இடங்களில் பெருங்குட்டைகள் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். நிலத்தைத் திறந்தால் நீர் ஊறிவரும். லுசாத்தியா சதுப்புநிலம்; அங்கே கொஞ்சம் தோண்டினாலே நீர். ஆகவே நிலக்கரி எடுப்பதற்கு முன்பு, சுரங்கத்தைச் சுற்றிலும் கிணறுகள் இறக்கி, இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்து ஆறுகளில் விட்டார்கள். ஒரு டன் நிலக்கரி எடுப்பதற்குப் பல டன் நீரை இறைக்க வேண்டும். சுற்றுப்புறத்துக் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன. ஸ்துருகா போன்ற ஓடைகளின் இயற்கையான ஓட்டம் குலைந்தது. அவற்றில் ஓடிய நீரோ சுரங்கம் விட்ட நீராயிற்று.

அந்த மண்ணில் பைரைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொருள் அது. நீருக்கடியில் இருக்கும்வரை அது உறங்கிக் கிடக்கும். நீரை இறைத்து நிலம் காய்ந்தவுடன் காற்று உள்ளே போகிறது. காற்றுப் பட்டதும் பைரைட் சிதைந்து இரும்பு உப்பும், சல்பேட்டும், அமிலமும் உண்டாகின்றன. பிறகு, சுரங்கத்தை மூடிப் பம்புகளை நிறுத்தும்போது நிலத்தடி நீர் மெல்ல மெல்ல மேலேறி வருகிறது. காய்ந்த மண்ணில் சேர்ந்திருந்த அத்தனையையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வந்து சேர்கிறது. மண்ணுக்குள் இருக்கும்போது அந்த நீர் தெளிவாகவே இருக்கும். வெளியே வந்து காற்றில் பட்டவுடன், மழையில் நனைந்த ஆணி துருப்பிடிப்பதுபோல் அதிலுள்ள இரும்பு துருவாக மாறுகிறது. ஓடை முழுவதும் பழுப்பு நிறம். அந்தத் துரு, சேறாக அடியில் படிகிறது. மீன் முட்டைகளும், பூச்சிகளின் புழுக்களும், நீர்த்தாவரங்களும் அதில் மூடுண்டு அழிகின்றன. மீனுக்கு இரையில்லை, மீன்கொத்திக்கு மீனில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். சுரங்கம் நடக்கும்போது ஒரு கேடு. சுரங்கம் நின்ற பிறகு மற்றொரு கேடு. 1990இல் ஜெர்மனி ஒன்றானதும் லுசாத்தியாவின் சுரங்கங்களில் பல மூடப்பட்டன. 1989இல் ஏறத்தாழ 80,000 பேருக்கு வேலை கொடுத்த நிலக்கரித் தொழிலில், பின்னாளில் பத்தாயிரத்துக்கும் குறைவானவர்களே எஞ்சினார்கள். வேலை போயிற்று; ஆனால் நீரின் நோய் அப்போதுதான் வெளியே தெரியத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டையொட்டி ஸ்ப்ரே ஆறு நீண்ட தூரத்துக்குப் பழுப்பாக ஓடுவதைக் கண்டு மக்கள் திடுக்கிட்டார்கள். அந்த ஆற்றின் குறுக்கே 1965இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ப்ரெம்பெர்க் அணை, வெள்ளத்தைத் தடுக்கக் கட்டப்பட்டது. இப்போது அது துருவைத் தேக்கி வைக்கும் தொட்டியாகவும் பணி செய்கிறது. நீரில் சுண்ணாம்பு கலந்து துருவைப் படியச் செய்கிறார்கள். படிந்த சேற்றை வாரி அப்புறப்படுத்துகிறார்கள். இந்த வேலை இன்னும் பல பத்தாண்டுகள் தொடர வேண்டியிருக்கும். செலவில் பெரும்பகுதி மக்களின் வரிப்பணம்.

துருவையாவது கண்ணால் காணலாம். சல்பேட் கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புக்கும் எளிதில் கட்டுப்படாது. அது ஆற்றோடு பெர்லின் வரை போகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் இருக்கக்கூடாது என்பது ஜெர்மனியின் சட்டம். ஆற்றோரக் கிணறுகளிலிருந்து குடிநீர் எடுக்கும் தலைநகருக்கு இது ஒரு கவலையாகவே இருந்துவருகிறது. யாரும் கேள்விப்பட்டிராத ஒரு மூலையில் செய்த வேலையின் விளைவு, மாநகரத்தின் குழாயைத் தேடிப் போகிறது.

2023இல் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் துறை மற்றோர் உண்மையை வெளியிட்டது. வெப்பமான கோடை மாதங்களில் ஸ்ப்ரே ஆற்றில் ஓடும் நீரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குவரை, சுரங்கங்களிலிருந்து இறைத்துவிடும் நீராக இருக்கிறதாம். சட்டப்படி 2038க்குள் நிலக்கரியால் மின்சாரம் எடுப்பதை ஜெர்மனி நிறுத்த வேண்டும். பம்புகள் நின்றால் ஆற்றில் நீர் குறைந்துபோகும். ஆற்றைக் கெடுத்த தொழிலே இன்று ஆற்றுக்கு நீர் கொடுக்கும் தொழிலாகவும் ஆகிவிட்டது. நூறாண்டு நோயை ஒரே நாளில் தீர்க்க மருந்தில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, பெயர்களின் கதைக்குத் திரும்புவோம்.

1937இல் ஹிட்லரின் ஆட்சி சோர்பியர்களின் டொமோவினா என்ற சங்கத்தை முடக்கியது. அவர்களுடைய மொழியில் பத்திரிகையும் நூலும் வெளிவருவதைத் தடுத்தது. அக்காலத்தில் ஊர்ப் பெயர்களும் தப்பவில்லை. ஸ்லாவிய ஒலியுள்ள பெயர்களை நீக்கிப் புதிய ஜெர்மன் பெயர்களைச் சூட்டினார்கள். ஸ்ப்ரே ஆற்றங்கரையில் ட்ஷெல்ன் என்ற ஊர் இருந்தது. சோர்பியர் அதைச் செல்னோ என்பர். 1936இல் அதற்கு நெல்கன் என்று பெயர் மாற்றினார்கள். போர் முடிந்த பிறகு, 1947இல் பழைய பெயர் திரும்பி வந்தது. மக்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் 1979இல் அந்த ஊரே நோக்டன் சுரங்கத்துக்கு இரையாயிற்று. பெயர் மீண்டது, ஊர் மீளவில்லை.

ஸ்லெப்போவில் 1938இல் பிறந்தவர் கித்தோ லோரென்ட்ஸ். அவருடைய தாத்தா சோர்பிய எழுத்தாளர். ஆனால் பேரன் ஜெர்மன் பேசியே வளர்ந்தார். சோர்பிய மொழியை அவர் கொட்புஸ் நகரத்தில் சோர்பியப் பள்ளியில்தான் கற்றார். அப்படிக் கற்றவர், 1967இல் ஒரு கவிதை நூலை வெளியிட்டார். அதன் பெயர் என்ன தெரியுமா? 'ஸ்துருகா'! தம் ஊர்ச் சிற்றாற்றின் பெயரையே வைத்து, தம் நிலத்தின் காட்சிகளைச் சோர்பிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் பக்கம் பக்கமாகப் பாடினார். நிலக்கரி தம் நிலத்தை மாற்றுவதையும் மறைக்காமல் எழுதினார். அதுவரை ஸ்லெப்போவைத் தாண்டி யாரும் அறியாத அந்த ஓடையின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. 2017இல் அவர் மறைந்தார்.

சட்டத்தின் துணையும் அந்த மக்களுக்குக் கிடைக்காமல் இல்லை. 1948இலேயே சாக்சனி மாநிலம் சோர்பியர்களின் மொழி உரிமைக்காகச் சட்டம் இயற்றியது. 1992இல் பிராண்டன்பூர்க் மாநிலத்தின் அரசியலமைப்பு அவர்களுடைய குடியிருப்புப் பகுதிக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆயினும் அம்மாநிலத்தில் ஹொர்னோ என்ற சோர்பிய ஊர் நிலக்கரிக்காக அகற்றப்படுவதை 1998இல் நீதிமன்றமும் தடுக்கவில்லை. ஸ்லெப்போ வட்டாரத்திலோ 2017இல் ஒரு மாற்றம் ஏற்பட்டது. ரோவ்னோவையும் அருகிலிருந்த ஊர்ப் பகுதிகளையும் விழுங்கவிருந்த சுரங்க விரிவாக்கத் திட்டம் கைவிடப்பட்டது. நெப்பிலாவின் ஊர் தப்பியது. ஆனால் மிவொராஸ் தப்பவில்லை. 2019இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அங்கே இருந்த ஏறத்தாழ 200 பேருக்கு ஸ்லெப்போவில் புதிய குடியிருப்பு கட்டப்பட்டது. பழைய ஊரின் வீடுகள் இடிக்கப்பட்டன. புழுதியும் இரைச்சலும் பொறுக்காமல் 'போனால் போதும்' என்று நிம்மதி அடைந்தவர்களும் உண்டு. கடைசிவரை வீட்டை விட மறுத்தவர்களும் உண்டு. இருவருமே அந்த ஊர்ப் பிள்ளைகள்தாம்.

ஆர்னோஷ்ட் முக்கா என்ற சோர்பிய அறிஞர் 1880களில் ஊர் ஊராக நடந்து தம் மக்களைக் கணக்கெடுத்தார். அவர் எண்ணியது ஏறத்தாழ 166,000 பேர். இன்று சோர்பியர் சுமார் 60,000 பேர் என்பர். அவர்களிலும் மொழியைப் பேசுகிறவர்கள் குறைவு. ஓர் ஊரை இடித்து மக்களை நகரத்து அடுக்குமாடி வீடுகளில் பிரித்துக் குடியமர்த்தும்போது, அடுத்த வீட்டுக்காரரோடு பேச முடியாத மொழி வீட்டுக்குள் சுருங்குகிறது; பிறகு பாட்டியோடு போய்விடுகிறது. ஓடை கெட்டதற்கும் மொழி தேய்ந்ததற்கும் ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில், ஒரே மக்களுக்கு நேர்ந்தன.

அதற்கு அவர்கள் கண்ட மருந்து யாது? பாட்டியிடமிருந்து கிடைக்காததைப் பாலர் பள்ளியில் கொடுக்கத் தொடங்கினார்கள். 1998இல் 'வித்தாய்' என்ற திட்டம் தொடங்கியது. அச்சொல்லுக்கு 'நல்வரவு' என்று பொருள். பாலர் பள்ளி ஆசிரியை பிள்ளைகளோடு சோர்பிய மொழியிலேயே பேசுவார். விளையாட்டோடு விளையாட்டாக மொழி ஒட்டிக்கொள்ளும். ஸ்லெப்போ வட்டாரத்து ஊர்ப்பலகைகளில் இரு மொழிகளிலும் பெயர் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கும் பிள்ளைக்குத் தன் ஊருக்கு இரண்டு பெயர் உண்டு என்பதாவது தெரியும்.

நேயர்களே, ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆற்றைத் தூய்மையாக்க முடியாது. அதற்குச் சட்டமும், பணமும், அறிவியலும், பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். ஆனால் பெயர் தெரியாத ஓடை கெட்டுப்போனால் அதைப் பற்றிக் கேள்வி கேட்க யாரும் வரமாட்டார்கள். 'சுரங்கக் கழிவுநீர்க் கால்வாய்' என்றால் அதில் எதையும் கொட்டலாம். 'ஸ்துருகா' என்றால், 'அது எங்கள் பாட்டி ஈஸ்டர் நீர் எடுத்த ஓடை' என்று சொல்ல ஒருவர் இருப்பார். கவிஞர் லோரென்ட்ஸ் செய்ததும் அதுதான். ஏர் பிடித்த கையால் எழுதிய நெப்பிலா செய்ததும் அதுதான்.

உங்கள் வீட்டுக்கு அருகில் ஓர் ஓடை இருந்தால், அதன் பெயர் என்ன, அது எந்த மொழிச் சொல், அதன் பொருள் என்ன என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். தெரிந்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.